அபாயத்தை ஏற்றுத் தொடர்க

மனிதர்கள் நிஜம்தான் என்று மனிதர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. அரசாங்க உத்தியோகம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அரசாங்கம் குத்தகைக்கு விட்ட உத்தியோகம். சம்பளத்தைச் சொன்னால் நான் நிஜம்தானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

பொய்க் குரல்கள் பெருத்துப் போன காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மகன் குரலில் யாரோ பேசிப் பணம் கேட்டார்கள். மேனேஜர் முகத்தோடு யாரோ வந்து கையெழுத்துக் கேட்டார்கள். முகத்தோல் அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் வந்த பிறகு, நேரில் பார்ப்பதையும் நம்ப முடியாமல் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் என்று நினைத்து ஒரு திருடனுக்கு ஒரு வாரம் காபி கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எதிர்வீட்டுக்காரரை விட நல்ல மாதிரி என்று சொன்னார்கள்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு புதிது அல்ல. நம் அப்பாக்கள் கணினியில் பேங்க் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரியுமாம். சில நாள், பத்து வருடமாகப் பார்த்துப் பழகிய பக்கமே திடீரென்று ‘இந்தத் தளம் நம்பத்தக்கதல்ல’ என்று சிவப்பாக வழி மறிக்குமாம். அந்தப் பூட்டைக் கழற்றி மனிதர்களுக்கு மாட்டினார்கள். சிவப்பும் கூடவே வந்துவிட்டது.

ஆளுக்கொரு சான்று. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி அளவு சில்லு. எல்லோர் மூக்கிலும் ஒரு கண்ணாடி. எதிரே வருபவரின் சான்று செல்லுமென்றால் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம், செல்லாதென்றால் சிவப்பு. சிவப்பானவருக்குப் பால் பூத் பால் தராது, பேருந்தின் கதவு திறக்காது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் ஆடி மாதத்தை யோசிக்கவில்லை. ஆடி முழுக்க எங்கள் மையத்தில் ஈ ஓட்டுவோம். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று வாசல் தாண்டி, பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி வரை வரிசை நிற்கும். ஐந்து வருடத்துக்கு நாம் நாமாகவே இருக்கப் போகிறோம் என்றால், அதை நல்ல நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாமா? ரேகைப் பலகைக்கு மேல் விரலை நிறுத்தி, ராகு காலம் முடியும்வரை அப்படியே நின்ற ஒரு வக்கீலை எனக்குத் தெரியும்.

தில்லைநகர் சான்று உதவி மையத்தில் நாங்கள் இரண்டு பேர். டோக்கனும் புதுப்பித்தலும் பிரிசில்லா. கோளாறுகள் நான். என் சான்று போன மாதமே காலாவதியாகிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மையத்து ஊழியர் சொந்த மையத்தில் புதுப்பிக்கக் கூடாது, தஞ்சாவூர் போக வேண்டும். பால் பூத்திலும் பேருந்திலும் தற்காலிகச் சீட்டைக் காட்டிச் சமாளித்துக்கொண்டு, அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். எல்லா வாரத்துக்கும் ஒரு அடுத்த வாரம் இருந்தது.

ஆகவே தினமும் காலையில் பிரிசில்லா என்னைப் பார்த்து ஒரு சடங்கு செய்வாள். சிவப்பாகத் தெரியும் மனிதரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளக் கண்ணாடிக் காம்பில் ஒரு பொத்தான் உண்டு. அவருடைய முகத்தைப் பார்த்தபடி, பத்து எண்ணும்வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் யார் பார்வை விலகினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அவசரத்தில் யாரும் ஏமாறக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்தது. பத்து முடிந்ததும் ‘அபாயத்தை ஏற்றுத் தொடர்க’ என்று வரும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் செல்லும்.

“உங்க மூஞ்சியைப் பத்து எண்ற வரைக்கும் பார்க்கணும்னா எனக்குத் தனிப்படி தரணும் அண்ணே” என்பாள். ஆனாலும் பார்ப்பாள்.

வைகாசியில் ஒருநாள் முற்பகல், என் மேஜைக்கு எதிரே ஒரு நெட்டை மனிதர் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. உட்காரும் முன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“தணிகைவேல். எடை அளவு ஆய்வாளர். ஆள்மாறாட்டப் புகார் ஒண்ணு தயாரா வச்சிருக்கேன். நீங்க பரிசோதிச்சு உறுதி போட்டா போதும்.”

“யார் மேல சார்?”

“இந்த அம்மா மேல.”

பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் காட்டினார். ஐம்பது வயது இருக்கும். மடியில் கைப்பை, அதன்மேல் தண்ணீர் பாட்டில். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“இவங்க யாருன்னு சொல்றாங்க?”

“என் பொண்டாட்டின்னு சொல்றாங்க.”

என் கண்ணாடியில் பார்த்தேன். பளிச்சென்று பச்சை. வைஜெயந்தி, உறையூர், போன ஆவணியில் புதுப்பித்தது.

“எனக்குப் பச்சையாத்தான் சார் தெரியுது.”

“எல்லாருக்கும் பச்சையாத்தான் தெரியும். அதுலதான் இவங்க திறமை இருக்கு. எனக்கு மட்டும் போன வியாழக்கிழமையிலேருந்து சிவப்பு.”

“வீட்ல ஏதாவது கேட்டுப் பார்த்தீங்களா? வேற ஆளா இருந்தா தெரிஞ்சிருமே.”

“கேட்காம இருப்பனா? எங்க கல்யாண நாள் என்னன்னு கேட்டேன். டக்குனு சொல்லிட்டாங்க சார்.”

“அப்புறம் என்ன?”

“என் பொண்டாட்டிக்கு அது ஒரு வருஷம்கூட ஞாபகம் இருந்தது கிடையாது.”

“பயத்துல வந்துருச்சு தம்பி” என்றார் அந்த அம்மா, முதல்முறையாக. பிறகு அவர் பக்கம் திரும்பி, “காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்றார்.

“பார்த்தீங்களா? மாத்திரை வரைக்கும் தகவல் வச்சிருக்காங்க.”

சிரித்திருப்பேன். ஆனால் நான் உறுதி போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த நிமிடமே அந்த அம்மாவின் சான்று எல்லோர் கண்ணாடியிலும் நிறுத்தி வைக்கப்படும். விசாரணை முடிய மாதக் கணக்காகும். அதுவரை அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகம் உள்ளே விடாது, ஆட்டோ ஏற்றாது, சொந்த வீட்டுக் கதவு திறக்காது. இந்த ஊரில் அவர் இருந்துகொண்டே இல்லாமல் போவார்.

“சார், முகத்துல சிவப்பு வந்தா ஏத்துக்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கே. வீட்டு ஆளுதானே, அழுத்திட்டுப் போயிருக்கலாமே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எடை குறைந்துபோனேன்.

“முத்திரை இல்லாத படிக்கல்லைப் பரவாயில்லைன்னு விடுற ஆள் இல்ல நான். இதுவரைக்கும் அந்தப் பொத்தானை அழுத்துனதே கிடையாது. அழுத்தவும் மாட்டேன்.”

கோளாறு பார்க்க எங்களிடம் ஒரு கையேடு உண்டு. அதன் முதல் வரி என்ன என்று கேட்காதீர்கள். முதல் வரியை யார் படிக்கிறார்கள்? கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னேன். மனசில்லாமல் தந்தார். அணைத்து மறுபடி போட்டேன். மார்க்கெட்டில் எங்கேயாவது இலவச வைஃபையில் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தேன். நடுவில் யாராவது புகுந்து சான்றை மாற்றிக் காட்டுகிறார்களா என்று பார்த்தேன். இல்லை. முகத்தில் ஒரு நிபுணனின் களையை வரவழைத்துக்கொண்டு திரையை முறைத்தேன். மற்ற எல்லாம் கைவிடும்போது நான் செய்வது இதுதான்.

“இவங்களைத் தவிர வேற யாராவது சிவப்பாத் தெரியிறாங்களா?”

“தெரியாம என்ன? ரோட்டுல இறங்குனா அஞ்சுல ஒருத்தன் சிவப்பு. காந்தி மார்க்கெட்ல நாலு வெங்காய மண்டிக்கு நோட்டீஸே குடுத்துட்டேன்.”

“அது உங்களுக்கு வித்தியாசமாத் தோணலையா சார்?”

“எதுக்குத் தோணணும்? இருபத்தஞ்சு வருஷமாத் தராசைப் பார்த்துட்டு இருக்கேன். அஞ்சுல ஒருத்தன் பொய்யிங்கிறது எனக்கு முன்னாடியே தெரிஞ்ச கணக்கு. இப்பத்தான் கண்ணாடிக்குத் தெரிஞ்சிருக்கு.”

ஊரில் ஐந்தில் ஒருவர் சிவப்பாகத் தெரிந்தால் வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு எங்களிடம் வந்திருப்பார்கள். இவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கிறது. மனைவி அந்த ஐந்தில் ஒருவராக ஆனபோதுதான் கணக்கு இடித்திருக்கிறது.

“வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன்” என்றார். “நீங்க பச்சையா இருந்தீங்க. அந்த நம்பிக்கையிலதான் உங்ககிட்ட உட்கார்ந்தேன்.”

டோக்கன் மேஜையில் பிரிசில்லா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறியது.

“யாரு, இவரா? இவரு பச்சையா? சார், இந்த மனுஷன் ஒரு மாசமா மிளகாப்பழம் மாதிரி சிவந்துபோய் உட்கார்ந்திருக்காரு. எந்தக் காலத்துல சார் இருக்கீங்க?”

கையேட்டின் முதல் வரி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தேதியும் நேரமும் சரியா என்று பார்க்கவும்.

பார்த்தேன். நேரம் சரி. நாள் சரி. மாதம் சரி. கண்ணாடியின் ஓரத்தில் அவ்வளவுதான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் வருடம் மட்டும் ஒன்று குறைவு.

“சார், உங்க கண்ணாடி போன வருஷ வைகாசியில இருக்கு” என்றேன். “இவங்க போன ஆவணியிலதான் புதுப்பிச்சாங்க. உங்க கண்ணாடிக்கு அந்த ஆவணி இன்னும் வரவே இல்ல. அப்ப இந்தச் சான்று இனிமேதான் ஆரம்பிக்கப் போகுது. அதனால சிவப்பு. கடந்த ஒரு வருஷத்துல புதுப்பிச்ச எல்லாருமே உங்களுக்குச் சிவப்புதான். அஞ்சு வருஷச் சான்றுல அது அஞ்சுல ஒருத்தர். என் சான்று போன மாசம் முடிஞ்சது. உங்க கண்ணாடிக்கு அதுவும் தெரியாது. ஊர்ல என்னை நம்புற ஒரே கண்ணாடி இதுதான்.”

தணிகைவேல் என் கையிலிருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

“வருஷம் எப்படித் தானா மாறும்?”

“தானா மாறாது சார். யாரோ உள்ள போய் மாத்தியிருக்காங்க.”

நாங்கள் இருவரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

“முதல்ல சரி பண்ணிக் குடுத்துடுங்க தம்பி” என்றார். “பேச்சு அப்புறம்.”

சரி செய்தேன். ஒரே ஒரு எண். தணிகைவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பார்த்த உடனே தோள்கள் இறங்கின. வைஜெயந்தி பச்சையாகிவிட்டார். தணிகைவேலின் கண்ணாடியும் ஊரோடு ஒத்துப்போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாக முகம் சுளித்தார். நான் சிவந்திருக்க வேண்டும்.

ஒரு மன்னிப்பும், அரை நாள் விடுப்பும், வீட்டுக்குப் போகும் வழியில் அல்வாவும் என்று இந்தக் கதை முடிந்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. விரல் கண்ணாடிக் காம்புக்குப் போனது. தட்டினார். மறுபடி தட்டினார்.

“சார், இதுல ஒண்ணு இருந்துச்சு. காணோம்.”

“என்ன சார்?”

“ஒரு குரல். பழைய குரல். பூட்டியிருந்தது, வியாழக்கிழமையிலேருந்து திறந்துச்சு. இப்ப மறுபடி பூட்டிக்கிச்சு.”

வைஜெயந்தியின் கை பாட்டில்மேல் அப்படியே நின்றது.

“கேட்டீங்களா?” என்றார்.

தணிகைவேல் காம்பிலிருந்து விரலை எடுத்தார். காதோரம் சிவந்தது. இது கண்ணாடி காட்டும் சிவப்பு இல்லை.

பிறகு வைஜெயந்தி எனக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள், அல்லி. கல்லூரியில் கடைசி வருடம். இரண்டு வருடத்துக்கு முன் ஆடியில் ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். அவள் அனுப்பிய ஒரு குரல் செய்தி இரண்டு பேரிடமும் இருந்தது. கேட்டுக் கேட்டு அழுகிறாள் என்று தணிகைவேல் ஒருநாள் மனைவியைத் தன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யவைத்து அதை அழிக்கச் செய்தார். தன்னுடையதையும் அழித்துவிட்டதாகச் சொன்னார்.

“அழிக்கலை” என்றார் வைஜெயந்தி. “ஒருநாள் இவரு கண்ணாடியைத் துடைக்க எடுத்தப்ப பார்த்தேன். சொல்லலை. வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். குளிக்கப் போவாரு, நான் போட்டுக் கேட்டுட்டு வச்சிருவேன். போன ஆனியில பூட்டிக்கிச்சு. பாப்பாவோட சான்று முடிஞ்சுபோச்சாம். ஸ்கூல்ல பசங்க அசைன்மென்ட் லேட்டானா கண்ணாடியில தேதியைப் பின்னாடி தள்ளி அனுப்புவானுங்க. அதைப் பார்த்துத்தான் பண்ணேன். தள்ளுவேன், கேட்பேன், திரும்ப வச்சிருவேன். வியாழக்கிழமை குழாயில தண்ணி வந்துருச்சுன்னு ஓடுனேன், மறந்துட்டேன். அதுக்கப்புறம் இவரு கண்ணாடியைக் கழட்டவே இல்ல. படுக்கும்போதுகூட.”

“நீ எடுத்துக்கிட்டுப் போயிருவேன்னு நினைச்சேன்” என்றார் தணிகைவேல். “அதாவது, அந்த அம்மா.”

“சரி, அதுக்கு எதுக்குப் போலீஸ் புகாரு?”

“அந்த அம்மா யாருன்னே தெரியலையேடி எனக்கு.”

பிரிசில்லா அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் நின்றாள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். நம் ஊரில் அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கவனமாகக் கேட்கும்போது அப்படித்தான் பார்ப்பது.

“அந்தக் குரலுக்கு அந்தப் பொத்தானை அழுத்தித் திறக்கலாமா சார்?” என்றார் தணிகைவேல். பொத்தானை அழுத்தாத மனிதர் கேட்கிறார்.

“முகத்துக்குத்தான் சார் பொத்தான். குரலுக்குக் கிடையாது. செத்துப்போனவங்க குரல்ல பணம் கேட்கிறதுதான் இந்தத் திருட்டுலயே நம்பர் ஒன். செத்தவங்க கேட்டா யாரும் கணக்குப் பார்க்கிறதில்ல. அதனால சான்று முடிஞ்ச குரலை மொத்தமாப் பூட்டிட்டாங்க. நினைவுக் குரல் அனுமதின்னு ஒண்ணு இருக்கு, விண்ணப்பம் நான் போட்டு விடுறேன். ஆனா லேசுல வராது. குரலுக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து சம்மதம் தரணும்னு ஒரு விதி வச்சிருக்காங்க. அதை எடுக்கச் சொல்லி நாங்க எழுதிக்கிட்டே இருக்கோம்.”

“ரெண்டும் பச்சையாத் தெரியிற மாதிரி ஒரு தேதி வைக்க முடியாதா?”

முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகளின் சான்று போன ஆனியில் முடிந்தது. மனைவியின் சான்று ஆவணியில் தொடங்கியது. நடுவில் ஒரு ஆடி.

“அம்மா, உங்க பழைய சான்று எப்ப முடிஞ்சது?”

“மாசியில. ஆனா அது பாப்பா தவறுன வருஷம் தம்பி. வருஷம் திரும்பாம வீட்ல எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாங்க. தலைத்திவசம் முடிச்சிட்டு, ஆவணியிலதான் வந்தேன். அதுவரைக்கும் தற்காலிகச் சீட்டுலதான் ஓட்டுனேன்.”

மாசியிலேயே வந்திருந்தால் தாயும் மகளும் சேர்ந்து பச்சையாக இருக்கும் நாலு மாதம் கிடைத்திருக்கும். கண்ணாடியை அந்த நாலு மாதத்துக்குள்ளேயே சுற்றவிட்டிருக்கலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடிய எத்தனையோ அறிவாளித்தனங்களில், அன்று நான் விழுங்கிய ஒன்று இது.

“முடியாது சார்” என்றேன். “நேரம் சரியா இருந்தா அம்மா பச்சை, பாப்பா பேச மாட்டா. ஒரு வருஷம் பின்னாடி போனா பாப்பா பேசுவா, அம்மா சிவப்பு. அதுவும் அடுத்த மாசத்தோட சரி. அப்புறம் ரெண்டு வருஷம் பின்னாடி போகணும். அப்ப ரோட்டுல அஞ்சுல ரெண்டு பேர் சிவப்பு. அடுத்தது மூணு பேர். அப்படியே போனா ஒருநாள் ஊர்ல ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டாங்க. பாப்பா மட்டும்தான் இருப்பா.”

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெறும் கண்ணோடு அவர் கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார்.

“ஒரு தடவை பின்னாடி வச்சுக் காட்டுங்க. இவளும் கேட்கட்டும்.”

“எனக்கு மனப்பாடம்” என்றார் வைஜெயந்தி.

“சேர்ந்து கேட்டது இல்லையே.”

வைத்தேன். வருடத்தை மாற்றக் கண்ணாடியை மேஜைக் கம்பியில் செருகியிருந்ததை மறந்துவிட்டேன். குரல் மேஜை ஒலிபெருக்கியில் மையம் முழுக்கக் கேட்டது.

“ப்பா! மோட்டாரை ஆஃப் பண்ணு. டேங்க் நிரம்பி வழியுது. மாடி வீட்டு ஆன்ட்டி கத்துறாங்க. ஊர்த் தராசையெல்லாம் பார்க்கிற, வீட்டு டேங்க்கைப் பார்க்க மாட்டியா? ஆஃப் பண்ணுப்பா, மானம் போகுது.”

அவ்வளவுதான். பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

தணிகைவேல் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நான் வருடத்தைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. மனைவி பக்கம் நாற்காலியைத் திருப்பினார். எனக்கும் பிரிசில்லாவுக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் பச்சையாக இருந்த அந்த அம்மா, அவர் ஒருவருக்குச் சிவப்பாக இருந்தார்.

“வெங்காய மண்டிக்காரங்களை என்ன சார் செய்வீங்க?” என்றேன்.

“நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கிறேன். அது பெரிய விஷயம் இல்ல.” விரலைக் காம்புக்குக் கொண்டுபோனார். “இந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு காட்டுங்க.”

காட்டினேன்.

“இதைத் தினமும் அழுத்தணுமா?”

“தினமும். அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு. பத்து எண்ற வரைக்கும்.”

அழுத்தினார். வைஜெயந்தி கைப்பையைப் பார்த்துவிட்டார், மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு அவருக்கே கண் எரிந்தது, மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாவது முறை முடிந்தது. பிரிசில்லா தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

கண்ணாடியில் நேரத்தை மாற்றி வைப்பது குற்றம். அதைக் கண்டால் மேலே தெரிவிக்க வேண்டும். புகாரை முடிக்கும் கட்டத்தில் ‘பயனர் தவறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். பிரிசில்லா எட்டிப் பார்த்தாள்.

“சரி பண்ணிட்டீங்களா அண்ணே?”

“தெரியலையே.”

“தெரியலைன்னு போட அதுல இடம் இருக்கா?”

இல்லை.

நினைவுக் குரல் அனுமதி அடுத்த சித்திரையில் வந்தது. இறந்தவர் நேரில் வந்து சம்மதம் தர வேண்டும் என்ற விதியை யாரோ படித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் போன் செய்ததும் இரண்டு பேரும் வந்தார்கள். தணிகைவேல் இந்தமுறை நாற்காலியை ஆட்டிப் பார்க்கவில்லை.

“மார்க்கெட் எப்படி இருக்கு சார்?”

“அஞ்சுல ரெண்டு பேரு சிவப்பு. ஆளாளுக்குப் பத்து எண்ணி முடிக்கவே பொழுது போயிருது. எண்றப்ப சும்மா நிக்க முடியலை, ரெண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கு. ஒருத்தன் பொண்ணுக்குக் கல்யாணம்னு பத்திரிகையே வச்சுட்டான்.” இதை ஒரு குற்றமாகப் பதிவு செய்வதுபோலச் சொன்னார்.

“தராசு?”

“தராசு விஷயத்துல விடுறதில்ல.”

கண்ணாடியை வாங்கி அனுமதியை ஏற்றினேன். “இனிமே நேரம் சரியா இருந்தாலும் பாப்பா குரல் திறக்கும் சார். வருஷத்தை மாத்திடுறேன். இந்தப் பொத்தான் தொல்லையெல்லாம் இன்னியோட போச்சு.”

தணிகைவேல் சுவரில் இருந்த கட்டணப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். அதில் நாலே வரிதான். கவனமாகப் படித்தார்.

“தம்பி” என்றார் வைஜெயந்தி. “அனுமதியை மட்டும் ஏத்துங்க. வருஷத்தை விட்டுடுங்க.”

“ஏம்மா? நீங்க சிவப்பாவே இருப்பீங்களே.”

“இருந்துட்டுப் போறேன்.” குரலைத் தாழ்த்தினார். “கல்யாணமான நாள்லேருந்து இவரு காலையில எழுந்திரிச்சா பேப்பரைப் பார்ப்பாரு, காபியைப் பார்ப்பாரு. இப்பத்தான் பத்து எண்ற வரைக்கும் என் மூஞ்சியைப் பார்க்கிறாரு. நடுவுல நான் திரும்பிட்டா மறுபடி முதல்லேருந்து எண்ணணும்ல?”

“ஆமாம்மா.”

“சில நாள் வேணும்னே திரும்பிருவேன்.”

“தெரியும்” என்றார் தணிகைவேல், கட்டணப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வருடத்தைத் தொடாமல் கண்ணாடியைக் கொடுத்தேன். அனுமதியை ஏற்றும்போது அணைத்துப் போட்டதில், காலையில் அவர் பத்து எண்ணி ஏற்றுக்கொண்டது அழிந்திருந்தது. மாட்டிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார். விரல் காம்புக்குப் போனது. எண்ணத் தொடங்கினார், வாய்க்குள்.

நான் டோக்கன் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ஏழுவரை எண்ணியிருப்பார், அந்த அம்மா மெதுவாக வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.